ஒன்பதாம் பக்கத்தில் இல்லாத பெயர்கள்

2019-ல் பெங்களூரில் ஒரு பிளாக்செயின் ப்ராஜெக்டில் வேலை பார்த்தேன். அந்த வருடங்களில் எல்லாருக்கும் ஒரு பிளாக்செயின் வேண்டியிருந்தது. எங்கள் வாடிக்கையாளருக்குத் தன் சரக்கு எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கிடங்குக்குப் போகிறது என்று பதிந்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு சாதாரண டேட்டாபேஸ் தாராளமாகப் போதும். ஆனால் டேட்டாபேஸ் என்று சொன்னால் பட்ஜெட் கிடைக்காது.

டிசைன் ரிவ்யூ நடந்த அன்று, என்னைவிட மூன்று வருடம் சீனியரான ஒரு பொறியாளர், அந்த அறையில் இருந்த ஒரே பெண், படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இதில் மூன்று நோடுதான் இருக்கிறது, ஒன்று பொய் சொல்ல ஆரம்பித்தால் மீதி இரண்டால் யார் பொய்யர் என்று கண்டுபிடிக்க முடியாது, குறைந்தது நான்கு வேண்டும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்லைடு நகர்ந்தது. பத்து நிமிடம் கழித்து நான் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். மேனேஜர் "குட் பாயிண்ட்" என்று எழுதிக்கொண்டார். இது அவங்க சொன்னது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாயங்காலம் டீக்கடையில் அவரே சிரித்துக்கொண்டு, "நல்ல பாயிண்ட்டுப்பா" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

அதற்குப் பிறகு சில கிரிப்டோ மாநாடுகளுக்குப் போயிருக்கிறேன். தவறாமல் ஓர் அமர்வு இருக்கும்: இந்தத் துறைக்குள் பெண்களை எப்படிக் கொண்டுவருவது? பெரும்பாலும் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால், அறை காலியாகிக்கொண்டிருக்கும் நேரத்தில். ஊக்கத்தொகை, பயிற்சி முகாம், வழிகாட்டிகள் என்று நல்ல யோசனைகள் வரும். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. வீடு ஆண்கள் கட்டியது, இப்போது கதவைத் திறந்து பெண்களை உள்ளே அழைக்கிறோம் என்ற அனுமானம். வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

*

2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நாகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் வெள்ளை அறிக்கை ஒன்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் எட்டு மேற்கோள் நூல்கள். வெய் டாய், ஹேபர், ஸ்டோர்நெட்டா, ஆடம் பேக், மெர்க்கிள், நிகழ்தகவுப் பாடப்புத்தகம் எழுதிய ஃபெல்லர் என்று போகும் அந்தப் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. (சடோஷி ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நாம் எல்லாரும் 'சடோஷி சொன்னான்' என்றுதான் பேசுகிறோம்.)

அந்த ஒன்பது பக்கம் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்பதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் அத்தை ஏலச்சீட்டு நடத்தினார். இருபது பேர், மாதம் ஆயிரம் ரூபாய். யார் கட்டினார்கள், யார் எவ்வளவு தள்ளி எடுத்தார்கள் என்பதெல்லாம் அவர் கையில் இருந்த ஒரு நீள நோட்டில். அந்த நோட்டை யாரும் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. அத்தை மேல் நம்பிக்கை. இப்போது அத்தையே இல்லாமல் சீட்டு நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேரிடமும் ஆளுக்கொரு நோட்டு இருக்கும். எல்லா நோட்டிலும் ஒரே கணக்கு, ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அந்த இருபது பேரில் சிலர் வேண்டுமென்றே பொய் எழுதுவார்கள். சிலருக்குத் தகவல் தாமதமாகப் போய்ச் சேரும். சிலர் ஊரைவிட்டே போயிருப்பார்கள். அப்படியிருந்தும் கணக்கு ஒத்துப்போக வேண்டும்.

இது சாத்தியமா என்று கணினி அறிவியலில் பிட்காயினுக்கு முப்பது வருடம் முன்பே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். லாம்போர்ட்டும் அவருடைய சகாக்களும் 1982-ல் இதற்குப் பைசாந்தியத் தளபதிகளின் சிக்கல் என்று பெயர் வைத்தார்கள். மூன்று பேரில் ஒருவர் துரோகியானால் தீர்வில்லை, நான்கு பேர் வேண்டும் என்ற கணக்கு அவர்கள் காட்டியதுதான்.

அதற்கு அடுத்த பெரிய அடி ஒரு கதவை மூடியது. ஃபிஷர், நான்சி லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985-ல் வெளியிட்ட கட்டுரை இப்படிச் சொல்கிறது: செய்தி எப்போது வந்து சேரும் என்று உத்தரவாதம் இல்லாத வலைப்பின்னலில், ஒரே ஒரு கணினி பாதியில் நின்றுபோகக்கூடும் என்றாலே போதும், மற்றவை எல்லாம் ஒரு முடிவுக்குக் கண்டிப்பாக வந்தே தீரும் என்று உறுதி தரும் முறை, பகடை உருட்டாத முறை, எதுவுமே இருக்க முடியாது. பொய்யர்கூட வேண்டாம், தூங்கிப்போகிற ஓர் ஆள் போதும். கல்லூரியில் இந்த நிரூபணத்தைப் படித்தபோது எனக்கு ஏதோ ஏமாற்றுவித்தை மாதிரி இருந்தது. ஆசிரியர்களின் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கி எஃப்.எல்.பி. என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். நடுவில் இருக்கும் 'எல்' ஒரு பெண் என்று எனக்குத் தெரிந்தது வேலைக்குப் போய் நாலு வருடம் கழித்து.

மூடிய கதவில் ஒரு ஜன்னலைத் திறந்ததும் அதே லிஞ்ச்தான். சிந்தியா ட்வோர்க், லாரி ஸ்டாக்மேயர் இருவரோடு சேர்ந்து அவர் 1988-ல் வெளியிட்ட கட்டுரையில், வலைப்பின்னல் என்றைக்காவது ஒருநாள் ஒழுங்குக்கு வரும், எப்போது என்று மட்டும் தெரியாது என்ற அளவுக்கு நம்பிக்கை வைத்தாலே போதும், உடன்பாடு சாத்தியம் என்று காட்டினார்கள். நம்மூர் பஸ் மாதிரி. காஸ்மாஸ் வலைப்பின்னலுக்கு அடியில் ஓடும் டெண்டர்மிண்ட் 2014-ல் தொடங்கியபோது கையிலெடுத்தது இந்த மூவரின் முறையைத்தான்.

ஆனால் தாளில் சாத்தியம் என்பதற்கும் மெஷினில் ஓடுவதற்கும் தூரம் அதிகம். அந்தத் தூரத்தை 1999-ல் கடந்தவர்கள் பார்பரா லிஸ்கோவும் அவருடைய மாணவர் மிகெல் காஸ்ட்ரோவும். அவர்களுடைய கட்டுரையின் தலைப்பிலேயே 'நடைமுறைக்கு உகந்த' என்ற சொல் இருக்கிறது. பொய்யர்களைத் தாங்கும் ஒரு முறை, நிஜமான சர்வர்களில், சகித்துக்கொள்ளக்கூடிய வேகத்தில் ஓடியது. பிறகு வந்த எத்தனையோ நிறுவன பிளாக்செயின்கள் இதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 2019-ல் ஃபேஸ்புக் அறிவித்த லிப்ரா நாணயத்தின் உடன்பாட்டு முறை, டாலியா மால்கி என்ற இன்னொரு பெண் ஆய்வாளர் பங்கெடுத்து உருவாக்கிய ஹாட்ஸ்டஃப் என்ற முறையிலிருந்து எடுத்தது. அதுவும் இந்த வம்சம்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் சுரங்கத்தைக் கைவிட்டபோது, ஒரு பிளாக் இறுதியாவதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என்று அது பின்பற்றிய விதியும் இந்தப் பரம்பரையில் வந்தது.

லிஸ்கோவ் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1961-ல் பெர்க்லியில் கணிதம் முடித்துவிட்டு மேற்படிப்புக்குப் பிரின்ஸ்டனில் விண்ணப்பித்தார். நாங்கள் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று அங்கிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. வேலைக்குப் போய், அங்கே புரோகிராமிங் கற்றுக்கொண்டு, பிறகு ஸ்டான்ஃபோர்டில் 1968-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் கணினித் துறையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் ஒருவர். 2008-க்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. மறுநாள் அவருடைய கணவர் இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தாராம். இவருக்கு எதற்கு விருது, இவர் செய்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று யாரோ எழுதியிருந்தார்கள். லிஸ்கோவ் இதைப் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் கண்டுபிடித்தது அந்த அளவுக்குக் காற்றில் கலந்துவிட்டது என்று அதைப் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம். அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். எனக்கு என்னவோ டீக்கடைச் சிரிப்பு ஞாபகம் வருகிறது.

*

சீட்டு நோட்டில் யார் வேண்டுமானாலும் என் பெயரில் எழுதிவிடலாம் என்றால் சீட்டே நடக்காது. கையெழுத்து வேண்டும். பிட்காயின் அறிக்கை ஒரு நாணயத்தையே டிஜிட்டல் கையெழுத்துகளின் சங்கிலி என்றுதான் வரையறுக்கிறது. இந்தக் கையெழுத்துகளை எழுபதுகளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் ஒரு கையெழுத்து பாதுகாப்பானது என்றால் என்ன அர்த்தம் என்று கறாராகச் சொன்னது 1988-ல் ஷாஃபி கோல்ட்வாசர், மிக்காலி, ரிவெஸ்ட் எழுதிய கட்டுரை. எதிராளி தனக்குப் பிடித்த வாசகங்களில் எல்லாம் உன்னிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும், அதற்குப் பிறகும் நீ போடாத ஒரே ஒரு கையெழுத்தைக்கூட அவனால் உண்டாக்க முடியக்கூடாது. இன்றும் இதுதான் அளவுகோல்.

கோல்ட்வாசரும் மிக்காலியும் பெர்க்லியில் மாணவர்களாக இருந்தபோது பிடித்துக்கொண்ட விஷயம் ஒரு சீட்டாட்டச் சிக்கல். (இந்தச் சீட்டு வேறு.) இரண்டு பேர் தொலைபேசியில் போக்கர் ஆடினால், கையில் இருக்கும் சீட்டைப் பற்றி ஒரு துளி தகவல்கூடக் கசியாமல் ஆட முடியுமா? அதற்குமுன் சொல்லப்பட்ட தீர்வில் ஒரு கசிவு இருந்தது. முழுச் சீட்டும் தெரியாது, ஆனால் அதன் ஒரு குணம் தெரிந்துவிடும். அதை அடைக்கப் போன இரண்டு பேரும் நவீனக் குறியாக்கவியலுக்கே அடித்தளம் போட்டுவிட்டார்கள். அதன் நீட்சியாகச் சார்ல்ஸ் ராக்காஃபோடு சேர்ந்து 1985-ல் வெளியிட்டதுதான் பூஜ்ய அறிவு நிரூபணம்: எனக்கு ஒரு ரகசியம் தெரியும் என்று உன்னை நம்பவைப்பேன், ரகசியத்தைப் பற்றி வேறெதுவும் உனக்குத் தெரியவராது. அந்தக் கட்டுரையை மாநாடுகள் பலமுறை திருப்பி அனுப்பின. முப்பது வருடம் கழித்து, 2016-ல் வந்த இசட்கேஷ் நாணயம் இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது. எத்தீரியத்தின் பாரத்தைக் குறைக்க இன்று ஓடிக்கொண்டிருக்கும் பல துணைச் சங்கிலிகளும் அப்படித்தான். கோல்ட்வாசருக்கும் மிக்காலிக்கும் 2012-க்கான டூரிங் விருது சேர்ந்தே கிடைத்தது.

இதையெல்லாம் விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது சிந்தியா ட்வோர்க்கின் கதை. பிட்காயின் என்றாலே எல்லாருக்கும் ஞாபகம் வருவது சுரங்கம். கணினிகள் இரவு பகலாக அர்த்தமில்லாத ஒரு கணக்கைப் போட்டுப்போட்டுத் தாங்கள் உழைத்ததற்கு அத்தாட்சி காட்டுகின்றன. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றால் வெள்ளை அறிக்கை ஆடம் பேக்கின் ஹாஷ்கேஷைக் காட்டும். அது 1997-ல் வந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1992-ல், ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்த ட்வோர்க்கும் மோனி நாவோரும் ஒரு கட்டுரை வாசித்தார்கள். குப்பை மின்னஞ்சலை எப்படித் தடுப்பது என்பது விஷயம். எங்களில் ஒருவர் சின்ன விடுமுறை போய்விட்டு வந்து பார்த்தால் பெட்டியில் 241 கடிதங்கள் என்றுதான் கட்டுரையே ஆரம்பிக்கிறது. 1992-ல் 241! பாவம்.

அவர்கள் சொன்ன வைத்தியம் எளிமையானது. மின்னஞ்சல் அனுப்புகிறவர் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நடுத்தரக் கஷ்டமான கணக்கைப் போட்டு விடையை இணைக்க வேண்டும். பெறுகிறவர் அந்த விடையை நொடியில் சரிபார்த்துவிடலாம். ஒரு கடிதம் அனுப்புகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பத்து லட்சம் பேருக்கு அனுப்புகிறவனுக்குக் கட்டுப்படியாகாது. பணத்துக்குப் பதில் கணினியின் நேரத்தை விலையாக வசூலிப்பது. பிட்காயின் சுரங்கத்தின் கரு முழுக்க இதில் இருக்கிறது. ஆடம் பேக் இதை அறியாமல் தனியாகவே அங்கே வந்து சேர்ந்தார், 2002-ல் எழுதிய கட்டுரையில் இவர்களைக் குறிப்பிடவும் செய்தார். அந்த 2002 கட்டுரையைத்தான் சடோஷி மேற்கோள் காட்டுகிறார். ஒரு படி மேலே ஏறிப் பார்த்திருந்தால் ட்வோர்க்கின் பெயர் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்திருக்கும்.

சடோஷி வேண்டுமென்று விட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஹாஷ்கேஷ் சைஃபர்பங்குகளின் வீட்டுப் பொருள். அவர் அந்த வீட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார், அதனால் அங்கே கிடைத்த பெயரைப் போட்டார். மேற்கோள் என்பது பெரும்பாலும் யார் வீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதன் பதிவுதான். ட்வோர்க் இதற்காகக் காத்திருக்கவும் இல்லை. தனிநபர் தகவலைக் காட்டிக்கொடுக்காமல் புள்ளிவிவரம் வெளியிடும் முறைக்கு 2006-ல் அடித்தளம் போட்டவர்களில் ஒருவரானார். அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த முறையைப் பயன்படுத்தியது.

*

அந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1992-ல் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் எரிக் ஹியூஸ், டிம் மே, ஜான் கில்மோர் மூவரும் ஆட்களைக் கூட்டி, அரசாங்கத்தின் கண்ணுக்குத் தப்பிய பணமும் கடிதமும் எப்படி இருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்துக்குச் சைஃபர்பங்க் என்று பெயர் வைத்தவர் ஜூட் மில்ஹான் என்ற பெண். அப்போது மோண்டோ 2000 பத்திரிகையில் ஆசிரியர் குழுவில் இருந்தார், வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அறுபதுகளில் கறுப்பின உரிமைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். 1967-ல் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே ஃபோர்ட்ரான் கற்று, காசு போட்டால் சாப்பாடு வரும் இயந்திர உணவகங்களை நடத்திய கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்தவர். 1973-ல் பெர்க்லியில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து தட்டிப் பார்க்கும்படி கணினி அறிவிப்புப் பலகை வைத்த குழுவிலும் இருந்தார். பெண்களுக்கு மோடம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்.

1993-ல் வயர்ட் பத்திரிகையின் இரண்டாவது இதழ் சைஃபர்பங்குகளை அட்டையில் போட்டது. முகமூடி போட்ட மூன்று பேர். மூவரும் ஆண்கள். பெயர் வைத்தவர் படத்தில் இல்லை. முகமூடிக்குப் பின்னால் ஆளே தெரியக்கூடாது என்பதுதான் அவர்கள் தத்துவம், ஆனாலும் யார் அந்த மூவர் என்று இன்று எல்லாருக்கும் தெரியும்.

மில்ஹான் 2003-ல் இறந்துபோனார், பிட்காயினைப் பார்க்கவில்லை.

*

ஆக, கருத்துகளின் வரலாற்றில் பெண்கள் இருந்தார்கள், பெயரோடு, பரிசுகளோடு. (கூடவே ஆண்களும் இருந்தார்கள், நான் சொன்ன கட்டுரைகளில் ஒன்றுகூடப் பெண்கள் மட்டும் எழுதியதில்லை.) அப்படியானால் அவர்கள் எங்கே நழுவினார்கள்? என் கணிப்பு, கருத்து காசாக மாறிய இடத்தில். அது மிகக் குறுகிய காலம்.

2009 ஜனவரி 3-ல் முதல் பிளாக். அன்றிலிருந்து 2012 நவம்பர் 28 வரை ஒவ்வொரு பிளாக்குக்கும் 50 பிட்காயின் பரிசு. மொத்தம் 2,10,000 பிளாக். பெருக்கிப் பாருங்கள், 1 கோடியே 5 லட்சம் பிட்காயின். கடைசிவரை வரப்போவதே 2 கோடியே 10 லட்சம்தான். அதாவது மொத்தத்தில் சரிபாதி, நாலு வருடம் முடிவதற்குள், அப்போது அங்கே இருந்தவர்களுக்குப் போய்விட்டது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. அனுமதி கேட்க வேண்டியதில்லை, அடையாள அட்டை வேண்டாம், மென்பொருளை இறக்கி ஓடவிட்டால் போதும். இதை ஒரு பெருமையாக இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் செய்தி புழங்கிய இடங்கள் சில: குறியாக்க மடலாற்குழு, கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்த பையன்களின் அறைகள், ராத்திரி ரெண்டு மணிக்கு விழித்திருக்க வசதிப்பட்டவர்கள். காலையில் ஆறு மணிக்கு எழுந்து டிபன் கட்ட வேண்டியவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார். கதவு பூட்டாமல் இருந்தது உண்மை. அந்தத் தெருவில் விளக்கு இல்லை.

பிறகு அந்த முதல் நாணயங்கள் வளர்ந்தன. வைத்திருந்தவர்கள் முதலீட்டாளர்கள் ஆனார்கள். தங்களுக்குத் தெரிந்தவர்களின் கம்பெனிகளில் போட்டார்கள். சாதாரணத் துறையில் தலைமைப் பதவி என்பது பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது கைமாறும். இங்கே முதல் நாலு வருடத்தின் அறை, சொத்தாகவே உறைந்துவிட்டது. 2018 ஜனவரியில் மியாமியில் நடந்த ஒரு பெரிய பிட்காயின் மாநாட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட பேச்சாளர்கள், அதில் பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிகாரபூர்வ விருந்து நடந்தது பெண்கள் ஆடைகளைந்து ஆடும் ஒரு இரவு விடுதியில். பத்திரிகைகள் திட்டியபிறகு அமைப்பாளர்கள் வருந்தினார்கள்.

அதன் பிறகும் உள்ளே வந்து இடம் பிடித்த பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிடித்த இடங்களைக் கவனித்தால் ஒன்று தெரிகிறது. நெஹா நருலா கூகுளில் வேலை பார்த்து, எம்.ஐ.டி.யில் முனைவர் முடித்து, அங்கே டிஜிட்டல் நாணய ஆய்வுப் பிரிவின் தலைவரானவர். 2017-ல் அவரும் சகாக்களும் ஐயோட்டா என்ற நாணயம் தானாக எழுதிவைத்திருந்த ஹாஷ் சார்பில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். சொந்தமாகக் குறியாக்கம் எழுதாதே என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். ஐயோட்டா அந்தச் சார்பை மாற்றியது, ஆனால் அதன் ஆதரவாளர்கள் மாதக்கணக்கில் ஆய்வாளர்களைத் திட்டினார்கள், வழக்குப் பேச்சுவரை போனது. கேத்ரின் ஹான் வந்தது அரசு வழக்கறிஞர் பக்கத்திலிருந்து. சில்க் ரோடு வழக்கை விசாரித்த அதிகாரிகளே பிட்காயினைத் திருடியதைப் பிடித்தவர். 2022 மார்ச்சில் 150 கோடி டாலர் திரட்டி, தன் பெயரில் முதலீட்டு நிறுவனம் தொடங்கினார். பணம் யாருக்குப் போகும் என்று முடிவுசெய்யும் நாற்காலி அது. ஊக்கத்தொகை அமர்வுகளில் யாரும் இந்த நாற்காலியைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

இன்னொரு நாற்காலி, கோடில். பிட்காயின் கோர் மென்பொருளில் யார் வேண்டுமானாலும் மாற்றம் முன்மொழியலாம், அதைச் சேர்க்கும் சாவி ஒரு சில பராமரிப்பாளர்களிடம் மட்டும். 2020 வாக்கில் அமிதி உத்தர்வார் என்ற இந்திய வம்சாவளிப் பெண், அதில் பங்களிக்கும் 'அறியப்பட்ட' முதல் பெண் என்று செய்தியானார். அறியப்பட்ட என்ற சொல் முக்கியம், புனைபெயரில் எத்தனை பேர் இருந்தார்களோ. 2022-ல் குளோரியா ஜாவ் பராமரிப்பாளர் ஆனார், அந்தச் சாவியைப் பெற்ற முதல் பெண். பிட்காயின் பிறந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது.

ஆனால் தெருவில் போகிற ஒருவரிடம் கிரிப்டோவில் ஒரு பெண் பெயர் சொல்லச் சொன்னால் வருவது இவர்கள் பெயரல்ல. ருஜா இக்னடோவா. பிளாக்செயினே இல்லாத ஒன்காயினை உலகம் முழுக்க விற்று, 2017 அக்டோபரில் சோஃபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறி மறைந்தவர், 2022-ல் எஃப்.பி.ஐ.யின் முதல் பத்துப் பட்டியலில் சேர்ந்தவர். அல்லது எஃப்.டி.எக்ஸ். வழக்கில் இரண்டு வருடத் தண்டனை பெற்ற கேரலைன் எல்லிசன். எல்லிசனைப் பற்றிய செய்திகளில் அவர் தோற்றம், காதல், நாட்குறிப்பு எல்லாம் அலசப்பட்டன. அதே வழக்கில் இருபத்தைந்து வருடம் வாங்கிய சாம் பேங்க்மேன்-ஃபிரைடைக் காரணம் காட்டி, இனி ஆண்களிடம் எக்ஸ்சேஞ்சை நம்பிக் கொடுக்கலாமா என்று யாரும் கட்டுரை எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை. ஆண் மோசடி செய்தால் அது அவன் குணம்.

*

இதுவரை சொன்னதெல்லாம் மேலே இருப்பவர்களின் கதை. இந்தத் தொழில்நுட்பத்தில் பல சமயம் எனக்கு நம்பிக்கை போய்விடும், அப்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது ஹெராத் நகரத்தை. ஆப்கானிஸ்தானின் மேற்கில், ஈரான் எல்லைக்குப் பக்கத்தில். ரோயா மஹ்பூப் அங்கே 2010-ல் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார், பெண்களை வேலைக்கு வைத்தார். சம்பளம் கொடுப்பதுதான் சிக்கல். பல பெண்களுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. கையில் ரொக்கமாகக் கொடுத்தால் வீட்டில் அப்பாவோ அண்ணனோ வாங்கிக்கொள்வார்கள். 2013-14 வாக்கில், வெளிநாட்டிலிருந்து வலைப்பதிவு எழுதும் பெண்களுக்கு வரவேண்டிய சிறு தொகைகளைப் பிட்காயினில் கொடுக்க ஆரம்பித்தார்கள். கைப்பேசி ஒன்று போதும். வீட்டில் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. வரவும் இருப்பும் அவளுடையது.

இதை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை. ஹெராத்தில் பிட்காயினை வாங்கிக்கொள்ளும் கடைகள் இல்லை. 2013 கடைசியில் ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்த விலை அடுத்த ஒரு வருடத்தில் கால்வாசி ஆனது, சம்பளத்தை அதில் வைத்திருந்தவருக்கு வயிறு எரிந்திருக்கும். ஆனால் அங்கே வேலை செய்த ஒருவர் பின்னால் மிரட்டலுக்குப் பயந்து நாட்டைவிட்டு நடந்தும் படகிலும் ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். வழியில் மற்ற எல்லாம் போனது. சேர்த்துவைத்த பிட்காயின் ஒரு கடவுச்சொல்லாக அவரோடு போனது, அதை விற்றுத்தான் புது ஊரில் வாழ்க்கையைத் தொடங்கினார். ட்வோர்க்கும் லிஞ்சும் கோல்ட்வாசரும் போட்ட கணக்குகள் அந்தக் கடவுச்சொல்லுக்கு அடியில் இருந்தன என்று நினைக்கும்போது எனக்கு மாநாட்டு அமர்வுகள் மேல் இருக்கும் எரிச்சல் கொஞ்சம் குறைகிறது. அந்த அமர்வுகளில் கேட்க வேண்டியது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: இந்தச் சங்கிலியில் சாவி யாரிடம்?

கட்டுரையை முடித்ததும் முதல் பகுதியை மட்டும் என் பழைய சக பொறியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் இப்போது இந்தத் துறையில் இல்லை, ஒரு வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். மன்னிப்பு மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"நல்லா இருக்கு. ஆனா மூணு நோடுன்னு நான் சொல்லவே இல்லையேப்பா. டயக்ராம்ல நாலு பாக்ஸ் கரெக்டாதான் போட்டிருந்தாங்க. அதுல ரெண்டு ஒரே சர்வர்ல ஓடுச்சு. அந்த சர்வர் போச்சுன்னா ரெண்டு நோடு போகும், நாலு இருந்து பிரயோஜனம் இல்லன்னுதான் சொன்னேன். நீ திருப்பிச் சொன்னப்ப மூணு நாலுன்னு மாத்திச் சொன்ன. அவர் அதைத்தான் நோட் பண்ணிக்கிட்டார். கடைசில அஞ்சாவதா ஒரு பாக்ஸ் சேர்த்தாங்க, ஞாபகம் இருக்கா? அதையும் அதே சர்வர்லதான் போட்டாங்க."